சூசையின் பெயருக்கு வந்த எச்சரிக்கை

1

என் அப்பா சூசை இதுவரை இணையத்தைத் தொட்டதில்லை. லால்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பொத்தான் வைத்த சின்னக் கைபேசி ஒன்றை வைத்திருக்கிறார். யாராவது அழைத்தால் பச்சையை அழுத்துவார். பேசி முடித்ததும் சிவப்பை அழுத்த மறந்துவிடுவார். அவ்வளவுதான் அவருக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவு. அப்படிப்பட்டவரை ‘மதிப்பிற்குரிய சூசை’ என்று அழைத்து, பினாங்கில் ஓர் இணைய நிறுவனம் எச்சரித்திருக்கிறது: உங்கள் இணைப்பிலிருந்து ஒரு திரைப்படம் உரிமை இல்லாமல் பகிரப்பட்டிருக்கிறது.

என் கடவுச்சீட்டில் பீட்டர் என்ற என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. இங்குள்ள கணினிகள் கடைசியில் இருப்பதையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்கின்றன. வந்த நாள் முதல் வங்கியில், மருத்துவமனையில், மகளின் பாலர் பள்ளியில் எல்லாரும் என்னை சூசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கைநாட்டு வைக்கிற ஒரு மனிதரின் பெயர் கடல் தாண்டி வந்து குளிர்சாதன அறைகளில் ஒலிக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்டு. இந்த முறைதான் அந்தப் பெயரோடு ஒரு குற்றம் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் போகும் காலைப் படகில், மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். அங்கே மாக் மண்டின் பகுதியில் ஒரு கடைசல் பட்டறையில் எனக்கு வேலை. கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து, சரி, தப்பு என்று பிரித்து வைப்பவன். என் மேஜையில் எல்லாம் சரி அல்லது தப்பு. இந்தக் கடிதத்திலோ எதுவுமே அப்படி இல்லை. இணைப்பு நிறுத்தப்படலாம். சட்டப்படி கேட்கப்பட்டால் உங்கள் விவரங்கள் உரியவர்களிடம் அளிக்கப்படலாம். மேல்நடவடிக்கை எடுக்கப்படலாம். நிறுத்துவோம் என்று சொல்லியிருந்தால் நிறுத்திவிட்டுப் போங்கள் என்று இருந்திருப்பேன். ‘படலாம்’ என்பதை மடியில் கட்டிக்கொண்டு எப்படி நாளை ஓட்டுவது?

படகு கரை சேர்ந்து, முன்னால் இருந்த வண்டிகள் எல்லாம் இறங்கிவிட்டன. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு ஊர் வந்துவிட்டது தெரிந்தது.

2

ஒரு படத்தை யாரோ பார்த்ததற்கு இவ்வளவு பயமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஊரில் இருந்தால் நானும் கேட்பேன். அதனால் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கு வந்தது ஜுருவில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு, வேலை பாஸில், அதாவது வேலைக்கான தங்கும் அனுமதியில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் இந்த ஊர்க்காரி, ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. திருமணத்துக்குப் பிறகு வேலை பாஸ் போய், மனைவியை வைத்துத் தரப்படும் பாஸ் வந்தது. ஆண்டுதோறும் அவளும் நானும் இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போய், இவர் என் கணவர், என்னோடுதான் இருக்கிறார் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தின் மேல்தான் நான் இந்த நாட்டில் நிற்கிறேன். இந்த ஆண்டுக்கான புதுப்பிப்பு அடுத்த மாதம் என்றிருந்த நேரத்தில்தான் எச்சரிக்கை வந்தது.

இன்னொன்றும் உண்டு. முதல் முறை போனபோது, நீங்கள் அந்த வீட்டில் இருப்பதற்கு உங்கள் பெயரில் ஏதாவது பில் உண்டா என்று கேட்டார்கள். ஜெலுத்தோங்கில் நாங்கள் இருப்பது மாமனார் வீட்டில். அடுக்குமாடி. தண்ணீர், மின்சாரம் எல்லாம் அவர் பெயர். வெறுங்கையோடு திரும்பி வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மாமாதான், “அட, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுருக்க? நெட்டு லைன ஒன் பேர்ல போட்டுருவோம் மாப்ள. வீட்ல நீதான படிச்சவன், நீயே பாத்துக்க” என்றார். வெளிநாட்டுக்காரன் என்பதற்காகக் கூடுதல் வைப்புத் தொகை கேட்டார்கள். அதையும் அவரே கட்டினார்.

அந்த முதல் பில் வந்த அன்று அதைப் படம் எடுத்து ஊரில் ஒரு நண்பனுக்கு அனுப்பி, அப்பாவிடம் காட்டச் சொன்னேன். பில்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போய்த் துளை போட்டவர். அவர் இல்லாத நாளில் முத்திரை குத்திய தபால் ஏதாவது வந்தால், அம்மா அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவாள். லாரி திரும்பியதும் எடுத்து என்னிடம் கொடுப்பார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா ‘என்ன போட்டிருக்கு’ என்று கேட்டதே இல்லை. “பயப்படுற மாதிரியாடா?” என்றுதான் கேட்பார். நான் இல்லை என்று சொன்னால் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போவார்.

அதனால்தான் எழுத்தில் வருவது எதையும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. படிக்கத் தெரிந்தவன் நான் என்பதால், பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பொறுப்பும் சின்ன வயதிலேயே என் தலையில் ஏறிவிட்டது. இப்போது எனக்கே ஒரு தபால் வந்திருக்கிறது. யாரிடம் போய், பயப்படுகிற மாதிரியா என்று கேட்பது?

திருச்சியில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதிக்கு எதிரே இருந்த கைபேசிக் கடையில் பென்டிரைவைக் கொடுத்தால் புதுப்படங்களை ஏற்றித் தருவார்கள். அது தப்பு என்று எவரும் சொல்லவில்லை என்பதல்ல. படத்தின் தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுச் சொன்னார்கள். ஆனால் அந்த எழுத்தில் யாருடைய பெயரும் இல்லை. ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொன்னதை ஊரெல்லாம் பொதுவாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டது. இங்கே வந்த தபாலில் பெயர் இருக்கிறது, கடவுச்சீட்டு எண் இருக்கிறது, வீட்டுக் கதவு எண் இருக்கிறது. எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதும் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் பட்டறையில் வெர்னியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன் என்பது மட்டும் இல்லை.

4

தேநீர் இடைவேளையில் நிறுவனத்தை அழைத்தேன். சேவையின் தரத்துக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றது ஒரு குரல். அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் ஓடிப்போய்விட்டது. எடுத்த பெண்ணிடம் முதல் வாக்கியமாக “சாயா தக் சூரி” என்றேன். நான் திருடவில்லை என்று அர்த்தம். திருடினாய் என்று அவள் சொல்லவே இல்லை. வணக்கம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “அண்ணே, நீங்க தமிழா?” என்றாள்.

“ஆமாங்க.”

“அப்ப தமிழ்லயே பேசுங்கண்ணே. யாரும் ஒங்கள திருடன்னு சொல்லல. ஒங்க லைன்ல போயிருக்கு, அவ்வளவுதான்.”

“யாரு செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

“வாசல் வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும்ண்ணே. உள்ள யாருன்னு நீங்கதான் பாக்கணும். எங்க ஆப் இருக்கு, போட்டுக்கிங்க. எந்த போனு, எந்த டிவி, எங்கெங்க போவுதுன்னு எல்லாம் காட்டும். வீட்ல பிள்ளைங்க இருந்தா ரொம்ப நல்லதுண்ணே.”

நன்றி சொல்லி வைத்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. “இது இமிகிரேஷனுக்குப் போகுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. “இமிகிரேஷனா? அது ஏன்ண்ணே கேக்குறீங்க?”

“சும்மாதாங்க.”

“எனக்குத் தெரிஞ்சு அப்படியெல்லாம் இல்ல. ஆனா நா உறுதியா சொல்ல முடியாதுண்ணே. வேற எதாச்சும் உதவி வேணுமா?”

நல்ல பெண்தான். ஆனால் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு இதுவரை தெரியாமல் இருந்த ஒன்றை நானே அவர்கள் பதிவில் ஏற்றிவிட்டேன். சூசை என்ற ஒருவன், படம் பகிர்ந்த எச்சரிக்கை கிடைத்தவுடன், இமிகிரேஷனைப் பற்றிக் கவலைப்படுகிறான். நாளைக்கு யாராவது அந்தப் பதிவைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? அன்று மதியம் இரண்டு நல்ல துண்டுகளைத் தப்பு என்று ஒதுக்கிவிட்டு, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

5

ஞாயிறு சாப்பாட்டில் வீட்டாரிடம் சொன்னேன். ஜெசிந்தாவின் தம்பி ரிச்சர்ட் ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை செய்கிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டு எச்சரிக்கையைப் படித்தான்.

“அத்தான், அடுத்து இண்டர்போல்தான்லா. பெட்டி படுக்கையெல்லாம் கட்டி வைங்க.”

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா” என்றாள் ஜெசிந்தா. என் பக்கம் திரும்பி, “ஒண்ணும் ஆவாதுங்க. எல்லாருக்கும் இப்படி அனுப்பிக்கிட்டுதான் இருப்பானுங்க” என்றாள்.

ரிச்சர்ட் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் கரண்டியால் காட்டினான். “ஆளு இவருதான்.”

அது மாமாவின் பெட்டி. எந்தப் புதுப்படமும், எந்த நாட்டு அலைவரிசையும் அதில் வரும். மாமா சவரிமுத்து துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வேலைக்குப் போன பிறகு அவருக்கும் அத்தைக்கும் அதுதான் துணை. ரிச்சர்ட் விளக்கினான்: இந்த மாதிரிப் பெட்டிகளில் சிலது படத்தை வாங்கிக்கொள்வதோடு நிற்காது. வாங்கியதைத் துண்டு துண்டாக மற்ற பெட்டிகளுக்கும் அனுப்பும். நாம் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்போம்; அது விநியோகம் செய்துகொண்டிருக்கும். இதை விற்பதற்கு எதிராகவே இப்போது சட்டம் இருக்கிறது.

மாமா தட்டை நகர்த்தி வைத்தார்.

“டேய், நா இத பாசார் மாலாம்ல காசு குடுத்து வாங்குனேன். ராத்திரிச் சந்தைன்னா திருட்டுச் சந்தையாடா? வருசா வருசம் அந்த ஆளுக்கு கட்டுறேன். ரசீது குடுக்குறான். எந்தத் திருடன் ரசீது குடுக்குறான், சொல்லு.”

“மாமா, அவர் காசு வாங்குறார். ஆனா படம் எடுத்தவங்களுக்கு...” என்று தொடங்கினேன்.

“அப்ப நா திருடனா மாப்ள?”

“ஐயோ, அப்படிச் சொல்லல மாமா.”

“ஹார்பர்ல வயசுக் காலம் பூரா வேல செஞ்சேன். கூட நின்னவன்லாம் சாக்குல ஓட்ட போட்டு சீனி எடுத்துட்டுப் போவான். நா ஒரு கை அள்ளுனது இல்ல. என்னப் போயி...” அவருக்கு மூச்சு வாங்கியது. “கிறிஸ்மஸுக்கு ஓப்பன் ஹவுஸ். அஹ்மாட் வீட்லேர்ந்து வருவாங்க, லிம் வீட்லேர்ந்து வருவாங்க. புதுப்படம் போடுறேன்னு வாய் விட்டுட்டேன். இப்ப என்னா, கதவ சாத்திக்கணுமா?”

கிறிஸ்மஸ் அன்று வாசலைத் திறந்து வைத்து, வந்தவர்க்கெல்லாம் சாப்பாடு போடுவது இங்கே வழக்கம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் வருவார்கள். பிரியாணி அத்தையுடையது, படம் மாமாவுடையது. அதை நிறுத்தச் சொல்வது அவரிடம் விருந்தை நிறுத்தச் சொல்வது மாதிரி. மாமா எழுந்து போய்ப் பெட்டியைப் போட்டார். வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார்.

ரிச்சர்ட் என் காதில், “விபிஎன் போட்டுருவோம் அத்தான், அப்பறம் ஒருத்தனுக்கும் தெரியாது” என்றான். வேண்டாம் என்றேன். ஒளிந்துகொண்டால் ஒளிந்துகொண்ட பயமும் சேர்ந்துவிடும்.

ஆனால் ஒளிக்கிற புத்தி எனக்கும் வந்துவிட்டிருந்தது. மறுநாள் காலை மகள் மரியாவைப் பாலர் பள்ளியில் விடும்போது, நம்ம வீட்டில் படம் பார்க்கிற பெட்டி இருப்பதை வெளியே சொல்லாதே என்றேன். அவளுக்கு ஐந்து வயது. தமிழில் கேட்டால் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்கிறவள். அவளை நல்ல தமிழ் பேச வைக்க நான் படாத பாடு படுகிறேன். அன்று மட்டும் சுத்தமான தமிழில் கேட்டாள்: “ஏன்ப்பா, நம்ம பெட்டி கெட்டதா? தாத்தா கெட்டவரா?”

6

அந்த ஆப்பைப் போட்டேன். போடுவதற்கு முன் இணைப்பின் விதிமுறைகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். தேவைப்பட்டால் கண்காணிப்போம் என்று ஓர் இடத்தில் இருந்தது; கேட்டால் கொடுப்போம் என்று இன்னோர் இடத்தில் இருந்தது. இதற்கெல்லாம் நான்தான் ‘சம்மதம்’ என்று தொட்டிருக்கிறேன். பில்லில் பெயர் வருகிற சந்தோஷத்தில் ஒரு வரி கூடப் படிக்காமல் தொட்டிருக்கிறேன்.

ஆப்பில் வீடு மொத்தமும் வரிசையாக வந்தது. அத்தையின் போன், ரிச்சர்டின் போன், ஜெசிந்தாவின் போன், மரியா பாட்டுக் கேட்கும் பழைய டேப்லட், மாமாவின் பெட்டி. ரிச்சர்ட் சொன்னது சரிதான். ஆள் இல்லாத நேரத்திலும் பெட்டி வேலை செய்துகொண்டிருந்தது. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம்.

தேடியது கிடைத்துவிட்டது. அத்தோடு மூடியிருக்கலாம். என்னால் முடியவில்லை. படகில் நிற்கும்போது பார்த்தேன். பட்டறையில் கை கழுவப் போகும்போது பார்த்தேன். அத்தை காலையில் ஜெபமாலை கேட்கிறார். ரிச்சர்ட் ஆஸ்திரேலியாவில் வேலை தேடுகிறான். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவர்களோடு இத்தனை காலம் ஒரே மேஜையில் சாப்பிட்டும் தெரியாதது, கையடக்கத் திரையில் தெரிந்தது. ஏதோ பொறுப்பாக இருக்கிறேன் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

பிறகு ஜெசிந்தாவின் போனில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் முகவரி வந்தது. அன்று இரவு வந்தது, அடுத்த நாளும் வந்தது. உள்ளே என்ன படித்தாள் என்று அது காட்டாது. எந்த வாசலுக்குப் போனாள் என்பது மட்டும். நான் அந்த அலுவலகத்தைத் தேடிப் பார்த்தேன். குடும்ப வழக்குகள் பார்ப்பவர்கள். மணவிலக்கு, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

என் மனம் எங்கெல்லாம் போனது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் கையெழுத்தில் நிற்பவன் நான். அந்தக் கையெழுத்துப் போடும் நாள் நெருங்கும் நேரத்தில் அவள் ஏன் அங்கே போகிறாள்? தினம் ஒரு கவலையோடு வீட்டுக்கு வரும் கணவன் அவளுக்கு அலுத்துவிட்டானா? சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்தேன். “என்னா, மூஞ்சில ஒட்டிக்கிட்டு இருக்கா?” என்று துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் பின்கட்டுக் கம்பியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போய் நின்று, கேட்கக்கூடாத விதத்தில் கேட்டேன்.

“வக்கீல் ஆபீஸ்ல உனக்கு என்ன வேலை?”

கையில் இருந்த மரியாவின் சட்டையை உதறாமல் நிறுத்தினாள். “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“பின்ன எப்படித் தெரியும்?” என் கையைப் பார்த்தாள். போன் கையில்தான் இருந்தது. “ஓ. அந்த ஆப்பா?”

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

“ஒங்களுக்கு லெட்டர் வந்த அன்னிலேர்ந்து தேடிக்கிட்டு இருக்கேன். கேஸுன்னு வந்தா ஒங்க பாஸ் என்னா ஆவும்னு. ஒங்கள அனுப்பிட்டாங்கன்னா மரியாவ தூக்கிக்கிட்டு நானும் லால்குடிக்கு வந்துர்றதா, இல்ல இங்கயே நின்னு சண்ட போடுறதான்னு. வெளிநாட்டு மாப்பிள்ள கட்டுனவங்களுக்கு அந்த ஆபீஸ்ல ஹெல்ப் பண்றாங்கன்னு சொன்னாங்க. ஒங்ககிட்ட சொன்னா சோறு திங்க மாட்டீங்கன்னு ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.” சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். “நீங்க என்னான்னு நெனச்சீங்க?”

நான் வாளியைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்தக் கம்பெனிக்காரனே தேவலாம்லா” என்றாள். “சந்தேகம்னா லெட்டராச்சும் போடுறான். நீங்க எனக்கு அதுவும் போடல.”

சட்டையைக் கம்பியில் மாட்டாமல் வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். அடுக்குமாடி வீட்டில் எதையும் ஒருவரிடம் மட்டும் பேசிவிட முடியாது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றிருந்தது.

7

திங்கட்கிழமை காலையில் மாமா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“இன்னிக்கு வேலைக்கு லீவு சொல்லு மாப்ள. லைன என் பேருக்கு மாத்திருவோம்.”

என் பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து வந்தார். நிறுவனத்தின் சேவை மையத்தில் எண் எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. “மாமா, அடுத்த எச்சரிக்கை உங்க பேருக்கு வரும்” என்றேன்.

“வரட்டும். நா இங்க பொறந்தவன். என்ன எந்த ஊருக்கு அனுப்புவானுங்க? ஒங்க ஊருக்கா? அங்க என்ன எவனுக்குத் தெரியும்?” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி, என்னவென்று புரியாமலே கூடச் சிரித்தார்.

முகப்பில் இருந்தவர் திரையைத் திருப்பி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாமா தமிழ்ப்பள்ளியில் பாதியில் நின்றவர். மலாய் பேசினால் மலாய்க்காரர் மாதிரி பேசுவார். நீளமான எழுத்து என்றால் தள்ளி வைத்துவிடுவார். “என்னா போட்டிருக்கு, சொல்லு” என்றார்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கண்காணிக்கலாம் என்ற இடம் வந்தபோது, “பாக்கட்டும், நா வெத்தல போடுறதத்தான் பாப்பான்” என்றார். அடுத்த விதியைச் சொன்னேன். இந்த இணைப்பை யார் பயன்படுத்தினாலும், அதில் நடப்பதற்கெல்லாம் பெயருக்குரியவரே பொறுப்பு.

“இரு. யாரு செஞ்சாலுமா?”

“ஆமா மாமா.”

“தெரியாம செஞ்சாலும்?”

“ஆமா.”

மாமா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இவ்வளவு நாளும் இந்தப் பொறுப்பு ஒன் பேர்லயா இருந்துச்சு?”

நான் தலையாட்டினேன். அவர் விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, கண்ணாடித் திரையில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

8

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் மண்டியிட்டுப் பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்ப கிறிஸ்மஸுக்கு படம்?” என்றார்.

“வர்றவங்க சாப்புடுவாங்க. பேசுவாங்க. பேசறதுக்கு வாய் இல்லயா எல்லாருக்கும்?”

மரியா “தாத்தா, தக் மாவ், தக் மாவ்” என்று வேண்டாம் பாட்டுப் பாடி அழுதாள். மாலையில் ரிச்சர்ட் வந்து காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, அத்தான் சொல்லி கேக்கல, நா சொல்லி கேக்கல, இப்ப என்னா திடீர்னு?” என்றான்.

“மூட்றா. லைனு ஒன் பேர்லயா இருக்கு?” என்றார் மாமா.

என் போனில் இருந்த ஆப்பைத் திறந்தேன். இந்தக் கணக்கைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து மரியாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்படியே அதை நீக்கினேன்.

“இப்ப எங்கள யாரு பாத்துக்கறது?” என்றாள். குத்தல்தான். ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் போனை எடுத்து, அந்த வக்கீல் அலுவலகம் அனுப்பிய பதிலை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். எச்சரிக்கை என்பது வழக்கு அல்ல, ஆனாலும் எதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்று எழுதியிருந்தார்கள். இருவரும் அதை மறுபடி ஒருமுறை படித்தோம்.

நிறுவனத்தின் பக்கம் இன்னும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். எங்கள் வீடு எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். முன்பும் தெரிந்திருக்கும். ஊரில் இருக்கும் உங்கள் வீட்டைப் பற்றியும் யாருக்கோ இப்படித் தெரிந்துதான் இருக்கும். எச்சரிக்கையில் இருந்தது இங்கே என் பெயராகிவிட்ட அப்பாவின் பெயர்தான். அதை யாரும் அழித்துவிடவில்லை. பழைய கணக்கு என்ற தலைப்பில் எங்கேயோ கிடக்கும்.

வரும் திங்கட்கிழமை பாஸ் அலுவலகம். இன்று காலை தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். திருமணச் சான்று, மரியாவின் பிறப்புச் சான்று, பட்டறையிலிருந்து வாங்கிய கடிதம். மாமா வந்து எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் பெயரில் பில் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது அவருக்கும் தெரிந்தது.

“பில்லு கேப்பாங்களா?”

“கேக்கலாம் மாமா.”

“எத்தன மணிக்கு போவணும்?”

“சீக்கிரம் போனாத்தான் நம்பர் கெடைக்கும்.”

“சரி, நானும் வர்றேன். இவன் என் வீட்லதான் இருக்கான், என் கூடத்தான் சாப்புடுறான்னு நா சொல்றேன். நா சொன்னா கேக்க மாட்டாங்களா?”

அங்கே வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தும், மாமா அதற்குள் தன் முழுக்கைச் சட்டையை எடுத்து வந்து, ஜெசிந்தாவிடம் இஸ்திரி போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.